பேரிக்காயும் நீலச் சீஸும் நாயகம் அண்ணையும்

கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுகிறார். வட்டத் தகரத் தட்டத்தில் விரித்த மாவின் மேல் வெறுங்கையை வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்குமாக, மெதுவாக. ஓரிடத்தில் கை நிற்கிறது. புருவம் நெரிகிறது. "இஞ்சை ஒண்டு கிடக்கு" என்கிறார். நான் மூக்கு முட்டக் குனிந்து பார்க்கிறேன். மா இருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை. அவர் சின்ன உருளையொன்றை எடுத்து அந்த இடத்தில் இரண்டு தரம் உருட்டி, திரும்பவும் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, "இப்ப சரி" என்றுவிட்டு அடுத்த ஓரத்துக்குப் போகிறார். ஒரு டேர்ட்டெக்கு மா விரிக்க அவருக்கு நாற்பது நிமிடம் வேண்டும்.

டேர்ட்டெ என்பது டென்மார்க்காரரின் உப்புப் பண்டம். வெண்ணெய் போட்டுக் குழைத்த மாவைத் தட்டத்தில் விரித்து, அதற்குள் எதையாவது அடுக்கி, முட்டையும் கிறீமும் அடித்து ஊற்றிப் போறணையில் சுடுவது. வீட்டில் மிஞ்சிக் கிடப்பவற்றை மரியாதையாக ஒளித்துவைக்க ஏற்ற பண்டம் என்பது என் அபிப்பிராயம். நாயகம் அண்ணை ஒளிக்கத் தேர்ந்தெடுத்தவை சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் கொட்டுண்டு கிடந்த பேரிக்காயும், கடையில் காசு கொடுத்து வாங்கிய பூஞ்சணம் பிடித்த நீலச் சீஸும். பூஞ்சணத்தைக் காசு கொடுத்து வாங்குகிற மனிதர் அவர் அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முழுப்பெயர் கிறிஸ்துநாயகம். வயது ஐம்பத்தொன்பது. பிராண்டேயில் காற்றாலைச் சிறகு செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடமாகக் கண்ணாடி நார்ப் பாய் விரிக்கிறார். ஆறு பஸ்ஸை வரிசையாக விட்ட நீளத்தில் ஓர் அச்சு இருக்கும். அதற்குள் பாயின் மேல் பாயாக விரித்து, மேலே பிளாஸ்ரிக் தாள் மூடி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பசையை ஓடவிடுவார்கள். பாயில் ஒரு சுருக்கு விழுந்தால் போச்சு. "சுருக்கு எண்டது பாவம் மாதிரி பிள்ளை. வெளியால தெரியாது. சுத்தத் துவங்கினாப் பிறகுதான் முறியும்" என்பார். பெந்தெகொஸ்தே சபைக்காரர், எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு பாவம் வந்துவிடும்.

தொழிற்சாலையை அவர் வீட்டுக்குக் கொண்டுவராத நாள் இல்லை. போறணைத் தட்டில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். டென்மார்க்கில் வருடத்தின் ஐம்பத்திரண்டு கிழமைகளுக்கும் இலக்கம் உண்டு, அலுவலகங்கள் அப்படித்தான் கதைக்கும். நாயகம் அண்ணை குசினியிலும் அப்படித்தான் கதைப்பார். குளிர்பெட்டியில் 'முப்பத்தெட்டாம் கிழமை, கத்தரிக்காய்' என்று எழுதி ஒட்டிய டப்பாக்கள் அணிவகுத்து நிற்கும். மகள் நவோமியின் பிறந்தநாளைக் கேட்டால் "பதினேழாம் கிழமை" என்று உடனே சொல்வார். திகதி கேட்டால் மனைவி சுஜீவா அக்காவைப் பார்ப்பார்.

தமிழில் அவர் வாயிலிருந்து ஒரு தூஷணம் வராது. டேனிஷில் வரும். கையைச் சுட்டுக்கொண்டால் அந்த மொழியில் சாத்தானைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார். கர்த்தருக்கு டேனிஷ் விளங்காது என்ற நம்பிக்கையாக இருக்கலாம். "வீட்டுக்குள்ள அவன்ர பேரைச் சொல்லாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று சுஜீவா அக்கா அடுத்த அறையிலிருந்து கத்துவார். சாத்தான் அந்த வீட்டுக்கு வந்தாலும் அதிகநேரம் நிற்கமாட்டான். சுஜீவா அக்காவின் ஜெபம் ஒன்றரை மணித்தியாலம்.

இனி விஷயத்துக்கு வருவோம். எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். தமிழ் வீடுகள் இரண்டு, அவர்களுடையதும் என்னுடையதும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், பள்ளிக்கூட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பொது மண்டபத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவோம். யார் எதைக் கொண்டுவருவது என்ற பட்டியல் ஒரு மாதம் முன்னரே உடுப்புத் தோய்க்கும் அறைச் சுவரில் தொங்கும். குடியிருப்புத் தலைவர் ஹென்ரிக் அந்தப் பட்டியலை ஒருதரம்தான் தயாரித்தார். அது பதினான்கு வருடத்துக்கு முன். அன்றிலிருந்து திகதியை மட்டும் மாற்றி அச்சடிக்கிறார்.

அதில் எனக்கு நேரே 'சோறு'. எனக்கு அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. சோம்பேறிக்குச் சோற்றைவிட நல்ல பதவி கிடையாது. அவருக்கு நேரே 'கிறிஸ் – ரோல்ஸ்'. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்த யாழ்ப்பாணத்து ரோல்ஸ். சுருட்டுவதும் பொரிப்பதும் சுஜீவா அக்கா, நூற்றிருபது எண்ணம். கிறிஸ் என்று டேனிஷ்காரர் கூப்பிடுகிற நாயகம் அண்ணையின் பங்கு தட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஐம்பது மீற்றர் நடப்பது. பொரித்தது ஒருத்தி, பெயர் எடுத்தது ஒருத்தர்.

அந்தப் பெயர்தான் இந்த வருடம் அவருக்குக் கசந்துவிட்டது. பட்டியலில் டேர்ட்டெ என்ற வரி பதினான்கு வருடமாக இங்கெர் என்கிற எழுபத்திநாலு வயது அம்மையாருக்குச் சொந்தம். ஆவணியில் அவருக்கு இடுப்பெலும்பு மாற்றினார்கள். ஹென்ரிக் அவர் பெயரை எடுத்துவிட்டு வரியை வெறுமையாக விட்டிருந்தார். நாயகம் அண்ணை வீட்டுக்குப் போய் அடிமட்டம் எடுத்துவந்து, 'ரோல்ஸ்' என்பதை ஒரே நேர்கோட்டில் வெட்டிவிட்டு, டேர்ட்டெக்கு நேரே தன் பெயரை எழுதினார். நான் அப்போது அங்கே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறாரே என்று நினைத்தேன். சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கக் கிடைப்பது குறைவு இந்த ஊரில்.

அன்று பின்னேரமே, நான் அவர்கள் வீட்டில் இருக்கும்போது, ஹென்ரிக் வந்து மணி அடித்தார். "கிறிஸ், இந்த முறை ரோல்ஸ் இல்லையா?"

"இல்லை."

ஹென்ரிக்கின் முகத்தில் கவலை. "வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?"

கதவைச் சாத்திவிட்டு என்னிடம் திரும்பியவர் இப்படிச் சொன்னார். "பாத்தியோ பிள்ளை? என்னைக் கண்டா இவங்களுக்கு எண்ணெய் மணக்குது. இருபத்தேழு வருஷமா இவங்கட காத்தாடிக்குச் சிறகு செய்யிறன். ஒரு மாத்தட்டுச் செய்யத் தெரியாதெண்டு ஆர் சொன்னது? ஒரு தரம், ஒரே ஒரு தரம், நான் கொண்டுபோனதை இவங்கள் தங்கட சாப்பாடு எண்டு நினைச்சுத் தின்ன வேணும். அதுக்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை."  நான் சிரிக்கத் தயாராக வைத்திருந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

சுஜீவா அக்கா விழுங்கவில்லை. "என்ர ரோல்ஸில இப்ப என்ன குறை கண்டிட்டீங்கள்?"

"குறையில்லையப்பா. ஒரு குறையுமில்லை. அதுதானே பிரச்சினை."

அந்தப் பதில் அக்காவுக்குப் போதவில்லை. பதினான்கு வருடம் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்ற மனுஷிக்கு எப்படிப் போதும்? ஒரு கிழமை அவரோடு அளந்துதான் கதைத்தார்.

முப்பத்தேழாம் கிழமை, சனிக்கிழமை, முதல் ஒத்திகை. செய்முறையை நவோமி அனுப்பியிருந்தாள். மாவைத் தட்டத்தில் விரித்ததும் முள்ளுக்கரண்டியால் அடியில் குத்தவும் என்று அதில் இருந்தது. நாயகம் அண்ணை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குத்துறதோ? இருபத்தேழு வருஷமா ஓட்டை விழாமப் பாத்த கையால ஓட்டை போடச் சொல்லுறாளே!" மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அவள் டேனிஷில், காற்றுப் போவதற்கு அப்பா, குத்துங்கள் என்றாள். இவர் தமிழில், "காத்தை ஓட்டை போட்டு விடுறதில்லையம்மா, உருட்டி விடுறது" என்றார். உருட்டினார். கண்ணை மூடித் தடவினார். போறணைக்குள் போன மா பத்து நிமிடத்தில் நடுவில் வீங்கி எழுந்து பூரியாகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர் டேனிஷில் ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த அறையிலிருந்து அக்கா பதில் சொன்னார்.

முப்பத்தெட்டாம் கிழமை இரண்டாவது ஒத்திகை. ஓட்டை போடுவதில்லை என்ற கொள்கையில் மாற்றமில்லை. மாவின் மேல் பாரம் வைத்தால் எழும்பாது என்று கண்டுபிடித்திருந்தார், அது சரிதான், டேனிஷ் சமையல்காரரும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் பாரத்துக்குக் கீழே எதை விரிப்பது? தொழிற்சாலையில் பாய்க்கு மேல் என்ன விரிப்பார்கள்? பிளாஸ்ரிக். இவர் சாப்பாடு சுற்றுகிற பிளாஸ்ரிக் தாளை ஒரு சுருக்கு இல்லாமல் விரித்து, அதற்கு மேல் சுஜீவா அக்காவின் மைசூர்ப் பருப்பு ஒரு கிலோவைக் கொட்டி, இருநூறு டிகிரிப் போறணைக்குள் தள்ளினார். வேலையிடத்துப் பிளாஸ்ரிக் எண்பது டிகிரிக்கு அசையாது நிற்குமாம். இது நிற்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று இருமினோம். பருப்பும் பிளாஸ்ரிக்கும் மாவும் ஒன்றாகி இறுகிப்போய்க் கிடந்தன. அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல உறுதி. இதைச் சிறகில வைக்கலாம்" என்றார். அந்த நிலைமையிலும் தரம் பார்க்கிற மனிதர்.

அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்: "இப்பவாவது விடுங்கோ. நான் ரோல்ஸ் போடுறன். ஊர் சிரிக்கப் போகுது."

"ஊர் சிரிக்கட்டும். நான் விடமாட்டன்."

மூன்றாவது முறை பிளாஸ்ரிக்குக்குப் பதில் எண்ணெய்த் தாள், அக்கா மறைத்துவைத்ததைத் தேடி எடுத்த புதுப் பருப்பு. மா பொன்னிறமாக, மட்டமாக, கரையில் கூர்மையாக வந்தது. பேரிக்காயை ஒவ்வொன்றும் ஒரே தடிப்பில் சீவி, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கினார். அவர் அடுக்கியதை நான் அளந்து பார்க்கவில்லை, அவர் அளந்தார். சீஸை நுள்ளி நுள்ளி இடையில் செருகினார், கையை முகத்திலிருந்து முடிந்தவரை தூரத்தில் வைத்துக்கொண்டு. சுட்டு எடுத்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு சாப்பிட்டார். "எப்பிடி அண்ணை?" என்றேன். "பழுதாப்போன சாமானுக்கு நல்ல ருசி" என்றார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். உப்பும் இனிப்பும் ஒரு மெல்லிய கசப்புமாக, சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சிரிப்பதற்கென்றே போயிருந்தேன்.

நாற்பதாம் கிழமை ஹென்ரிக் இன்னொரு செய்தி கொண்டுவந்தார். இங்கெர் ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கிவிட்டாராம். விருந்துக்கு வருகிறாராம். டேர்ட்டெ யார் செய்கிறார் என்று விசாரித்தாராம். நாயகம் அண்ணை அன்றிரவு சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். சொல்லும்போது அவருடைய குரலில் போன மாதத்துக் கோபம் இல்லை. "பாவம், மனுசன் பயந்துபோச்சு" என்றார்.

நாற்பத்தோராம் கிழமை, வெள்ளி, மாலை ஆறு மணி. மண்டபத்தில் மெழுகுதிரி கொளுத்தி, நீள மேசையில் சாப்பாட்டை வரிசையாக வைத்திருந்தார்கள். என்னுடைய சோறு. யாரோ ஒருவரின் பன்றி இறைச்சி. நான்கு வகை உருளைக்கிழங்கு. நடுவில் அவருடைய டேர்ட்டெ. அச்சில் வார்த்தெடுத்தது போல ஒரு பிசகில்லாமல் இருந்தது. அதனாலேயே ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. டேனிஷ்காரருக்கு எதிலும் முதல் துண்டை வெட்டக் கூச்சம். கடைசித் துண்டை எடுக்க அதைவிடக் கூச்சம். நாயகம் அண்ணை கதவடியில் ஜாக்கெட்டோடு நின்றார். ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தார். வந்து உட்காரச் சொன்னவர்களுக்கெல்லாம் "இப்ப வாறன்" என்று தமிழில் பதில் சொன்னார்.

சுஜீவா அக்கா சுவரோர நீள மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். அவர் காலடியில் ஒரு துணிப்பை. எனக்கு மணம் வந்தது. பார்த்தேன். ஈயத்தாள் சுற்றிய தட்டம். "அக்கா, இதென்ன?" என்றேன் மெல்ல.

"அறுபதுதான் போட்டனான். அவருக்குத் தெரியாது. உந்த டேர்ட்டெயை ஒருத்தரும் தொடாமக் கிடந்தா மனுசன் என்ன செய்யும்? உடன எடுத்து வைப்பம்."

சொல்லி வாய் மூடவில்லை, ஹென்ரிக் கோப்பையும் கையுமாக மேசையைச் சுற்றி வந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் இருக்கிறது, கிறிஸின் ரோல்ஸை மட்டும் காணவில்லையே! சுஜீவா, உண்மையைச் சொல்லுங்கள், எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா?"

பாதி மண்டபம் திரும்பிப் பார்த்தது. கதவடியில் நின்றவரின் முகம் செத்துப்போயிற்று. அக்கா 'ஓம்' என்றால் போதும். பை திறக்கும், ஐந்து நிமிடத்தில் அறுபதும் முடியும், எல்லோரும் புகழ்வார்கள், டேர்ட்டெ அப்படியே வீட்டுக்குத் திரும்பும். அவர் இனிச் சாகும்வரை ரோல்ஸ்தான். அக்காவுக்கும் அது தெரியும். தன் கைப்பண்டத்தை ஒரு மண்டபமே கேட்டு நிற்கிறது என்பதும் தெரியும். அந்த முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து நின்றதை நான் பார்த்தேன்.

"இல்லை" என்றார் சுஜீவா அக்கா டேனிஷில். "எனக்குக் கை வலி. ஒன்றும் செய்யவில்லை." சொல்லிக்கொண்டே குதிக்காலால் பையை வாங்குக்குக் கீழே தள்ளினார். ஞாயிறு தவறாமல் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிற மனுஷி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நேராக ஹென்ரிக்கின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழும்பி அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"அப்படியானால் அந்த டேர்ட்டெயைத்தான் வெட்ட வேண்டும்" என்றது ஒரு குரல். இங்கெர். ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். வெட்டும்போது மா நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு துண்டைத் தட்டில் எடுத்து வைத்தார். சாப்பிடவில்லை. முள்ளுக்கரண்டியால் அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை மெழுகுதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரமில்லை. விரலால் தட்டினார். அதன் பிறகுதான் கடித்தார். கடித்ததை நிதானமாக மென்றார். இன்னொரு தரம் கடித்தார்.

"மோசமில்லை" என்றார்.

நாங்கள் இருக்கிற யூட்லாந்துப் பகுதியில் இதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துச் சொல்வதும் இதுதான். நாயகம் அண்ணைக்கு அது தெரியும். முப்பது வருடம் இந்த மக்களோடு இருந்தவர். ஆனாலும் அவர் அசையவில்லை. இன்னும் ஏதோ வர இருக்கிறது என்று நின்றார்.

இங்கெர் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஹென்ரிக்கைக் கூப்பிட்டார். "அடுத்த வருடம் எனக்கு நேரே சலாட் என்று போடு. இதற்கு இனி ஆள் இருக்கிறது."

அதன் பிறகு தட்டு ஏந்திய கைகள் நீண்டன. எட்டு மணிக்கு ஒரே ஒரு துண்டுதான் மிஞ்சியது. அந்தத் துண்டை ஒருவர் பாதியாக வெட்டினார், அந்தப் பாதியை இன்னொருவர் பாதியாக வெட்டினார், கடைசியில் ஒரு விரல் அகலத்துக்கு ஏதோ கிடந்தது. ஒருவரும் ரோல்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. "பேரிக்காய் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார்கள். "சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்" என்று கதவடியிலிருந்து பதில் வந்தது.

அப்புறம் அவர் எங்களிடம் நடந்து வந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா மெழுகுதிரியைப் பார்த்தார். வாங்குக்குக் கீழே ஈயத்தாளின் ஒரு மூலை பளபளவென்று வெளியே தெரிந்தது. அந்த எண்ணெய் மணத்தை அவர் மூக்குக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

"எத்தினை?" என்றார் மெதுவாக.

"அறுபது."

நாயகம் அண்ணை கழுத்திலிருந்த சிப்பைக் கீழே இழுத்தார். ஜாக்கெட்டைக் கழற்றிக் குனிந்து, அந்தப் பையின் மேல் நான்கு பக்கமும் மறையும்படி போட்டு மூடிவிட்டு, சுஜீவா அக்காவுக்குப் பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்தார்.